சோதனைச் செம்மலின் மேம்படுத்தல் மனு

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தையல் கடையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் திரை முழுக்க வாணவேடிக்கை. காஜாக்கா ஒரு நொடி பூரித்துப்போனாள். இன்று தனக்குப் பிறந்தநாளோ என்று காலண்டரைக்கூடத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். வேடிக்கை அடங்கியதும் எழுத்து வந்தது.

"வாழ்த்துகள்! இயங்குதளத்தின் இறுதிப் பதிப்பு வெளியாகிவிட்டது. தாங்கள் வைத்திருக்கும் சோதனைப் பதிப்பு இந்த நொடியோடு ஓய்வு பெறுகிறது. இனி தங்கள் கோப்புகளைப் பார்க்கலாம், தொட முடியாது. வியாழன் நண்பகல் முதல் பார்க்கவும் முடியாது."

கீழே பச்சையாக ஒரு பொத்தான்: மேம்படுத்து. அமுக்கினாள்.

"சோதனைப் பதிப்பிலிருந்து மேம்படுத்துவது ஆதரிக்கப்படுவதில்லை. அனைத்தையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கவும். தங்கள் ஆர்வத்துக்கு நன்றி."

காஜாக்கா என்பது தெரு வைத்த பெயர். மற்ற டெய்லர்கள் தைத்த சட்டைகளுக்குப் பொத்தான் மாட்டும் காஜாவை மட்டும் எடுத்துக் கொடுத்தே பத்து வருடம் ஓட்டியவள். 'அடுத்தவன் சட்டையில ஓட்டை போடுறதுக்கு ஒரு ஆளு' என்று கிண்டல் பண்ணுவார்கள். போன வருடம்தான் எம்பிராய்டரி மெஷின் ஒன்று எடுத்து, அதற்கு ஒரு கம்ப்யூட்டரைப் பூட்டி, வாசலில் சொந்தப் பலகை மாட்டினாள். முதல் பெரிய ஆர்டர் நர்சிங் கல்லூரியிலிருந்து வந்தது. நூற்று எண்பத்தாறு வெள்ளைக் கோட்டு. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்தப் பெண்கள் எல்லாரும் படிப்பு முடித்து நர்ஸ் ஆகிறார்கள். ஒவ்வொரு கோட்டின் பையிலும் அந்தந்தப் பெண்ணின் பெயர், அவளவள் கையெழுத்திலேயே, நீல நூலில். யோசனை காஜாக்காவுடையது. அதைச் சொல்லித்தான் ஆர்டரையே பிடித்தாள்.

மூன்று வாரம் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்து, நூற்று எண்பத்தாறு கையெழுத்தையும் ஊசி போகிற தடமாகத் திரையில் வரைந்து வைத்திருந்தாள். வலது கையில் மாவுக்கட்டு போட்டிருந்த ஒரு பெண் இடது கையால் எழுதிக் கொடுத்திருந்தாள். எழுத்து, கொடியில் காயும் துணி மாதிரி ஆடியது. "நேராக்கிடட்டுமாம்மா?" என்று கேட்டதற்கு, "வேணாம்க்கா, இந்த வருஷம் என் எழுத்து இப்படித்தான்" என்று சிரித்துவிட்டுப் போனாள். இதுவரை நாற்பது கோட்டு முடிந்திருந்தது. பாக்கி நூற்று நாற்பத்தாறும் திரையில் இருந்தன. பார்க்கலாம், தொட முடியாது.

"ஏய்! இங்க வாடி!"

பக்கத்துக் கடையிலிருந்து நாத்தனார் ஓடி வந்தாள். புருஷனின் தங்கை, செல்போன் ரிப்பேர்க்காரி. வாயில் ஒரு குட்டி ஸ்க்ரூடிரைவர் எப்போதும் இருக்கும். எங்காவது புதுப் பதிப்பு ஒன்று வந்தால் இவளுக்கு மூக்கு வியர்த்துவிடும்.

"நீதானடி இதை ஏத்தி விட்டே?"

"நானாவா அண்ணி ஏத்தினேன்? இயங்குதள வாரியமே கெஞ்சிச்சே! பஸ் ஸ்டாண்டு பூரா போஸ்டர் ஒட்டியிருந்தானே! 'சோதனைப் பதிப்பைப் பயன்படுத்துவீர், நாளைய தலைமுறை நன்றி சொல்லும்'னு."

"நாளைய தலைமுறை சொல்றது இருக்கட்டும். வெள்ளிக்கிழமை அந்தப் பொண்ணுங்க என்ன சொல்லும்?"

"பென்டிரைவ்ல எடுத்து வெச்சுட்டு, புதுசா ஏத்திட்டு..." என்று ஆரம்பித்த நாத்தனார், நாலு தடவை எதையோ தட்டிப் பார்த்துவிட்டு ஸ்க்ரூடிரைவரை வாயிலிருந்து எடுத்தாள். அவள் அதை எடுத்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம். "கோப்பு மேல எல்லாம் 'சோதனை'ன்னு முத்திரை இருக்கு அண்ணி. புதுப் பதிப்பு இதைத் திறக்காது. மேம்படுத்தினா மட்டும்தான் கோப்பும் கூடவே மாறும். அதைத்தான் பண்ண முடியாதுங்குறான்."

சுவரில், கண்ணாடிக்குப் பக்கத்தில், ஒரு சான்றிதழ் தொங்கியது. ஆறு மாதத்தில் நாற்பத்தொரு பிழை கண்டுபிடித்து எழுதிப் போட்டதற்காக இயங்குதள வாரியம் காஜாக்காவுக்குக் கொடுத்தது. சிறுதொழில் செய்யும் எல்லோருடைய கம்ப்யூட்டரையும் ஓட்டும் இயங்குதளத்தைச் செய்து தருவது அந்த வாரியம்தான். சான்றிதழில் தங்க எழுத்தில் 'சோதனைச் செம்மல்' என்று போட்டு, கீழே தலைவர் கையெழுத்து. காஜாக்கா அதைச் சட்டத்தோடு கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"இதைக் காட்டினா பண்ணித் தராமலா போயிடுவாங்க?"

*

வாரிய அலுவலகத்தில் ஜன்னல் அத்தனையும் திறந்திருந்தன. அடைமழை. சாரல் நேராக மேஜைகளில் அடித்தது. குமாஸ்தாக்கள் ஒரு கையில் குடை பிடித்து மறு கையில் முத்திரை குத்திக்கொண்டிருந்தார்கள். காகிதம் பறக்காமலிருக்க ஒவ்வொரு கட்டின் மேலும் ஏதாவது ஒன்று: அரைச் செங்கல், இஸ்திரிப்பெட்டி, யாருடையதோ இடது கால் பூட்ஸ்.

முதல் கவுன்டரில் 'சோதனையாளர் நல்வரவு' என்று பலகை. அதன் பின்னால் ஒருவர் அந்தப் பலகையைத்தான் கழற்றிக்கொண்டிருந்தார்.

"சார், நான் சோதனைப் பதிப்பு வெச்சிருக்கேன். அதை..."

"சோதனை இன்னைக்குக் காலையில முடிஞ்சிடுச்சும்மா. இப்ப நாட்டுல சோதனையாளர்னு யாருமே கிடையாது."

"நான் இருக்கேனே சார்!"

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். அனுதாபமாகத்தான் பார்த்தார். "அடுத்த கவுன்டருக்குப் போங்க. அது இறுதிப் பயனருக்கு."

அடுத்த கவுன்டர் அம்மாள் குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "உங்க பதிப்பு எண் சொல்லுங்க" என்றாள். சொன்னதும் பேனாவை மூடிவிட்டாள். "நீங்க இறுதிப் பயனர் இல்லையே."

"ஆகணும்னுதான் வந்திருக்கேன். அந்தப் பொத்தானை வேலை செய்ய வெச்சிட்டா நான் பாட்டுக்குப் போயிடுவேன்."

"இறுதிப் பயனரா இருந்தா அந்தப் பொத்தானுக்கு நான் உதவி பண்ணலாம்."

"இறுதிப் பயனரா இருந்தா எனக்கு எதுக்கும்மா அந்தப் பொத்தான்?"

"அதனாலதான் இந்தக் கவுன்டர்ல கூட்டமே இருக்காது" என்று அவள் பெருமையாகச் சொன்னாள்.

காஜாக்கா கடைசி அஸ்திரமாகச் சான்றிதழை எடுத்து வைத்தாள். அம்மாளின் முகம் மலர்ந்தது. அதை முழுசாக ஒரு தடவை படித்தாள். பிறகு பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினாள். "பாருங்க, எழுத்துபூர்வமா ஒத்துக்கிறாங்க, சோதனை பண்ணியிருக்கேன்னு. அதுவும் நாற்பத்தொரு தடவை!" அதன் மேல் 'ஆதரவு இல்லை' என்று ஒரு முத்திரையைக் குத்தித் திருப்பிக் கொடுத்தாள். கண்ணாடிச் சட்டத்தின் மேலேயே குத்திவிட்டதால் அது மழைச்சாரலில் உடனே அழிந்துபோனது. அன்று அந்த அலுவலகத்தில் காஜாக்காவுக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அதுதான்.

"இப்ப நான் யாரும்மா? சோதனையாளரும் இல்ல, பயனரும் இல்லன்னா?"

"அந்த பெஞ்சுல உக்காருங்க."

பெஞ்சில் ஏற்கனவே பத்துப் பேர் இருந்தார்கள். ஓரத்தில் இருந்த டிரைவிங் ஸ்கூல்காரர் நகர்ந்து இடம் கொடுத்தார். அவருக்குப் பக்கத்தில் ஒரு பல் டாக்டர். போன பதிப்பின் சோதனையிலிருந்தே இரண்டு வருடமாக வந்துகொண்டிருக்கிறாராம். பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெரியவர் வந்து அவர் முன்னால் வாயைத் திறந்து நின்றார். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "வீக்கம் வத்திருச்சு, அடுத்த செவ்வாய் இதே பெஞ்சுக்கு வாங்க" என்று அனுப்பினார்.

"ஜன்னலை மூடினா என்னவாம்?" என்றாள் காஜாக்கா, முந்தானையால் சான்றிதழைத் துடைத்துக்கொண்டே.

"மூட முடியாதும்மா. தீர்மானம் அறுபத்தொண்ணு" என்றார் டிரைவிங் ஸ்கூல்காரர். "மூணு வருஷம் முன்னாடி ஒரு கூட்டத்துல தலைவருக்கு வேர்த்துச்சு. 'கொஞ்சம் காத்து வரட்டுமே'ன்னு சொல்லிட்டார். இங்க வழக்கம் என்னன்னா, கூட்டத்துல தலைவர் வாய்ல இருந்து எது விழுந்தாலும் குறிப்பெழுதுற அம்மா எழுதிடும். எழுதினா தீர்மானம். தீர்மானத்தை மாத்தணும்னா இன்னொரு கூட்டம் போடணும். அந்தக் கூட்டத்துல தலைவர் பயந்துக்கிட்டு வாயே திறக்கல."

"அப்ப மூடலையா?"

"அவர் தும்மினாரு. அது அறுபத்திரெண்டு."

*

மறுநாள் செவ்வாய்க்கிழமை. பெஞ்சு, மழை, குடை. மத்தியானத்துக்கு மேல் இரண்டாம் மாடியிலிருந்து ஒரு இன்ஜினியர் இறங்கி வந்தார். தாடி, கசங்கின சட்டை, பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டி விட்டிருந்தார். மாடியில் இன்னும் அதிகத் தண்ணீர் போலிருக்கிறது. காஜாக்கா சான்றிதழும் கையுமாக எழுந்து வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"தம்பி, ஒரே ஒரு கேள்வி. நேத்து வெளியிட்ட இறுதிப் பதிப்புக்கும் என்கிட்ட இருக்கிற கடைசி சோதனைப் பதிப்புக்கும் என்ன வித்தியாசம்?"

இன்ஜினியர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஓரத்துல 'சோதனை'ன்னு எழுதியிருக்கும் பாத்தீங்களா? அது இதுல இருக்காது."

"அது தெரியுது. உள்ள?"

"உள்ள ஒரு புள்ளிகூட மாறலக்கா. நீங்க எழுதிப் போட்டீங்களே நாற்பத்தொரு பிழை, அதையெல்லாம் சரி பண்ணின உடனே அதையேதான் பேரை மாத்தி வெளியிட்டோம்."

"அப்ப நான் சரி பண்ணிக் குடுத்த சாமானையே நான் வாங்கிக்க முடியாது."

"வாங்கிக்கலாம். ஆனா இருக்கிறதை அழிச்சிட்டு வாங்கிக்கணும்." அவருக்கே சங்கடமாக இருந்திருக்க வேண்டும், சுருட்டிய பேன்ட்டை இன்னும் ஒரு சுற்று சுருட்டினார். "முழுக்க அநியாயம்னு சொல்ல முடியாதுக்கா. ஒவ்வொருத்தர் மெஷின்லயும் பழைய சோதனையோட மிச்சம் மீதி ஏதாவது கிடக்கும். அதோட ஏத்தினா ஒழுங்கா வருமா வராதான்னு சோதிச்சுப் பாத்துட்டுத்தான் பொறுப்பு எடுத்துக்க முடியும். சோதிக்க ஆள் இல்ல."

காஜாக்கா திரும்பிப் பெஞ்சைப் பார்த்தாள். பெஞ்சில் இருந்த பத்துப் பேரும் கையைத் தூக்கினார்கள். பல் டாக்டரிடம் வாயைத் திறந்து நின்ற ஒருவர்கூடத் தூக்கினார்.

"ஆள் கிடக்கு தம்பி, விதிதான் வழியில நிக்குது. அதை மாத்த முடியாதா?"

"அந்த விதியே இன்னும் வரைவுக்கா. எட்டு வருஷமா வரைவு. அதை இறுதி விதியா ஆக்கலாம்னு எடுத்தோம். ஆனா வரைவுல இருந்து எதையும் மேம்படுத்தக் கூடாதுன்னு அந்த விதியே சொல்லுது." அவர் படியேறப் போனவர் திரும்பினார். "நாளைக்கு ரெண்டு மணிக்கு இதுக்குன்னே ஆய்வுக் குழு கூடுது. பயனர் தரப்புல ஒருத்தரைப் பேச விடணும்னு இருக்கு. நீங்க வாங்க. ஆனா நாலு மணிக்குள்ள முடிஞ்சாகணும், வெளியீட்டுக்கு குரூப் போட்டோ இருக்கு."

*

புதன்கிழமை மழை விட்டிருந்தது. கூட்ட அறையில் நீள மேஜை, தலைப்பக்கம் தலைவர், இரு பக்கமும் இரண்டு உறுப்பினர்கள், மூலையில் தடித்த கண்ணாடி போட்ட குறிப்பெழுதும் அம்மாள், கதவோரம் இன்ஜினியர். சுவரோர நாற்காலியில் காஜாக்கா. மடியில் கைப்பை, பைக்குள் ஊசி, நூல், கத்தரி. அவை இல்லாமல் அவள் கல்யாணத்துக்குக்கூடப் போவதில்லை. துணைக்கு நாத்தனார். வாயில் எதுவும் வைக்கக் கூடாது என்று சொல்லிக் கூட்டி வந்திருந்தாள்.

தலைவர் எழுந்தார். புத்தம்புது கறுப்புக் கோட்டு. கோட்டைப் பார்த்த மாத்திரத்தில் காஜாக்காவின் கண் வலது தோளில் போய் நின்றுவிட்டது.

"சோதனைப் பதிப்பு என்பது மக்களுக்காக!" தலைவர் வலது கையை உயர்த்தினார். "மக்கள் அதைப் பயன்படுத்தணும். ஆனா நம்பிடக் கூடாது. நம்பணும், ஆனா வேலைக்கு வெச்சுக்கக் கூடாது. வேலைக்கு வெச்சுக்கிட்டாலும் முக்கியமான வேலைக்கு வெச்சுக்கக் கூடாது. அதே சமயம், முக்கியமான வேலைக்கு வெச்சுப் பாக்கலைன்னா தப்பு எப்படித் தெரியும்? ஆகவே வெச்சுக்கணும். வெச்சுக்கிட்டவங்களை நாம மனசாரப் பாராட்டணும். பாராட்டிட்டு, அவங்ககிட்ட இருந்து ஒதுங்கிடணும்!"

கை மேலே போன ஒவ்வொரு தடவையும் தோளில் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். மற்றவர் காதில் விழவில்லை. காஜாக்கா ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தாள்.

வலது பக்க உறுப்பினர் தொண்டையைச் செருமினார். "நான் எதிர்க்கிறேன். இன்னைக்கு ஒருத்தருக்கு மேம்படுத்தினா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க. எல்லாருக்கும் எல்லாமே பொத்தானை அமுக்கினதும் நடந்துருச்சுன்னா, கீழ இருக்கிற பெஞ்சு எதுக்கு? கவுன்டர் எதுக்கு? நாம எதுக்கு?"

இடது பக்க உறுப்பினர் மென்மையானவர். "நான் முழு மனசா ஆதரிக்கிறேன். மேம்படுத்தல் நடக்கலாம். நடந்தா நமக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா நாம ஆச்சரியப்படணும். 'ஆதரவு'ங்கிற வார்த்தை மட்டும் எங்கேயும் வரக் கூடாது. இந்த அளவுக்கு நான் ஆதரிக்கிறேன்."

குறிப்பெழுதும் அம்மாள் இரண்டு பேருடையதையும் எழுதவில்லை. தலைவர் வாயிலிருந்து வந்தால்தான் எழுதுவாள்.

"பயனர் தரப்பு?" என்றார் தலைவர்.

காஜாக்கா எழுந்தாள். இரண்டு நாளாக மனப்பாடம் பண்ணி வந்திருந்த பேச்சு ஒன்று இருந்தது. நூற்று நாற்பத்தாறு கையெழுத்து, வெள்ளிக்கிழமை பத்து மணி, எல்லாம் அதில் வரிசையாக இருந்தன. வாயைத் திறந்ததும் வேறு வந்தது.

"சார், அந்தக் கையைத் தூக்காதீங்க."

"என்ன?"

"கோட்டு ஓட்டுத்தையல்ல நிக்குது சார். டிரயல் பாக்குறதுக்குப் போடுவோமே, வெள்ளை நூல்ல பெருசு பெருசா, அதுதான் இது. டிரயல் பாத்த கோட்டை அப்படியே போட்டுக்கிட்டு வந்துட்டீங்க."

தலைவர் சிரித்தார். "போட்டோவுக்கு வேணும்னு டெய்லர்கிட்ட இருந்து நான்தான் வாங்கிட்டு வந்தேன். அவன் ஏதோ 'சார், சார்'னு கத்திக்கிட்டே தெருமுனை வரைக்கும் ஓடி வந்தான். பில்லைக் குடுக்க வரான்னு நினைச்சு நான் காரை வேகமா எடுத்துட்டேன். அது கிடக்கட்டும். நீங்க விஷயத்துக்கு வாங்க. வாரியத்தோட நிலைப்பாடு என்னன்னா, சோதனையில இருந்தது சோதனையிலதான்..." என்று வழக்கம்போல் வலது கையை ஓங்கினார்.

டிக், டிக், டிக், சர்ர்ர்.

கோட்டின் வலது கை தோளை விட்டுக் கழன்று, அவர் கையை இறக்கியதும் முழங்கையைத் தாண்டி வழுக்கி, மணிக்கட்டில் வந்து தொங்கியது. உள்ளே சட்டை. மூலையில் பேனா ஓடும் சத்தம் மட்டும்.

"என்னம்மா எழுதுறே?"

"'சோதனையிலதான்' வரைக்கும் எழுதிட்டேன் சார். வாக்கியம் முடியல. முடிச்சீங்கன்னா நல்லாருக்கும்."

எதிர்ப்பு உறுப்பினர் கடிகாரத்தைப் பார்த்தார். "மணி மூணேகால் சார். போட்டோக்காரர் கீழ வந்துட்டார்."

தலைவரின் முகத்தில் இருந்த கம்பீரம் கோட்டின் கையோடு சேர்ந்து இறங்கிவிட்டது. எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கடைசியில் காஜாக்காவிடம் வந்து நின்றார். "அம்மா... நீங்க டெய்லர்தானே?"

"ஆமா சார்."

"இதை..."

"பண்ணலாம் சார்" என்று காஜாக்கா பையைத் திறந்து ஊசியை எடுத்தாள். நூலைக் கோத்து முடிச்சுப் போட்டாள். அப்புறம் ஊசியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். அது பயமில்லை என்பது நாத்தனாருக்கு மட்டும் தெரிந்தது. வாடிக்கையாளர் அளவை மாற்றி மாற்றிச் சொல்லும்போது அண்ணி நிற்கிற நிலை அது.

"ரெண்டு வழி இருக்கு சார். உங்க விதிப்படின்னா, டிரயல் பாத்த துணியைத் தொடக் கூடாது. இந்தக் கோட்டை முழுசாப் பிரிச்சுத் தூரப் போட்டுட்டு, புதுத் துணி எடுத்து, உங்களை மறுபடி அளவெடுத்து, வெட்டி, முதல்ல இருந்து தைக்கணும். பத்து நாள் ஆகும். எங்க வழியில, டிரயல்ல எங்க இடிக்குதுன்னு பாத்தாச்சு, அளவு பொருந்தியிருக்கு, அதுமேலயே கெட்டித் தையல் போட்டு வெள்ளை நூலை உருவிடுவோம். அரை மணி நேரம். எப்படிச் செய்யட்டும்?"

"அதுமேலயே போடுங்கம்மா! போட்டுப் பாத்துச் சரியா இருக்குன்னு தெரிஞ்சதை எவனாவது பிரிப்பானா?"

மூலையில் பேனா ஓடியது.

"அப்ப, டிரயலா இருந்ததை அழிக்காம அப்படியே முடிச்சுக் குடுக்கலாம்ங்குறீங்க?"

"குடுக்கலாம்ங்குறேன்! குடுக்கணும்ங்குறேன்! நேரமாகுது!"

பேனா நின்றது. குறிப்பெழுதும் அம்மாள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உரக்கப் படித்தாள்: "பொருள்: சோதனையிலிருந்து மேம்படுத்துவது. தீர்மானம் இருநூற்றுப் பதினேழு: போட்டுப் பார்த்துச் சரியாக இருப்பது தெரிந்ததைப் பிரிக்கக் கூடாது. சோதனையாக இருந்ததை அழிக்காமல் அப்படியே முடித்துக் கொடுக்கலாம். கொடுக்க வேண்டும். நேரமாகிறது."

தலைவர் துள்ளிக் குதித்தார். "அது கோட்டுக்குச் சொன்னதும்மா!"

"காத்து வரட்டும்னதும் உங்க வேர்வைக்குச் சொன்னதுதான் சார்" என்றாள் அம்மாள், வருத்தமோ சந்தோஷமோ இல்லாத குரலில். "மூணு வருஷமா எனக்கு ஜலதோஷம்."

தலைவர் வாயைத் திறந்தார். பேனா நுனி காகிதத்தைத் தொட்டது. அவர் வாயை மூடிக்கொண்டார். ஒரு கை தொங்கும் கோட்டையும், அதற்கு மேல் நிற்கும் ஊசியையும், கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கோட்டைக் கழற்றிக் காஜாக்காவின் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். "நானும் இதைத்தான் ரொம்ப நாளா மனசுல வெச்சிருந்தேன்" என்றார். அதுவும் எழுதப்பட்டது.

கதவோரம் பார்த்தால் இன்ஜினியரைக் காணவில்லை. 'தீர்மானம்' என்ற சொல் காதில் விழுந்ததுமே மாடிக்கு ஓடிவிட்டார் மனுஷன்.

காஜாக்கா தைத்தாள். நாத்தனார் கோட்டை விரித்துப் பிடித்துக்கொண்டாள். கெட்டித் தையல் தோளைச் சுற்றி ஒரு வட்டம் வந்து முடிந்ததும், வெள்ளை நூலை ஒவ்வொன்றாக உருவினாள். உறுப்பினர்கள் மூக்கை நீட்டி வேடிக்கை பார்த்தார்கள். ஆதரிக்கும் உறுப்பினர் தன் கால்சட்டையின் பிரிந்த மடிப்பை மெதுவாக முன்னால் நீட்டி, "இது மேம்படுத்தல்ல வராதுல்ல? சும்மா கேட்டேன்" என்றார்.

நாலு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது தலைவர் கோட்டைப் போட்டுக்கொண்டு கையைத் தூக்கினார். சத்தம் வரவில்லை. இன்னொரு தடவை தூக்கிப் பார்த்தார். பிறகு போட்டோவுக்குப் போகும் வழியெல்லாம் தூக்கிக்கொண்டே போனார்.

*

இன்ஜினியர் செய்தது பெரிய காரியம் ஒன்றுமில்லை. 'சோதனைப் பதிப்பா? ஆம் என்றால் உள்ளே விடாதே' என்று இருந்த ஒரே ஒரு வரியை அழித்தார். அதை அழிப்பதற்கு எட்டு வருடமும் ஒரு கோட்டும் தேவைப்பட்டன. பெஞ்சில் இருந்தவர்களுக்கு அவரே இறங்கி வந்து சொன்னார். பல் டாக்டர் மட்டும் உடனே எழுந்திருக்கவில்லை. அடுத்த செவ்வாய் வரை அங்கே நோயாளிகளுக்கு நேரம் கொடுத்திருந்தார்.

அன்று சாயங்காலமே காஜாக்கா பச்சைப் பொத்தானை அமுக்கினாள். நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டாள். நாலு நிமிடம். திரை போய், திரை வந்தது. ஓரத்தில் 'சோதனை' என்ற எழுத்து மட்டும் இல்லை. மற்ற எல்லாமே வைத்தது வைத்த இடத்தில். இடது கையால் எழுதிய பெயரைத்தான் முதலில் திறந்து பார்த்தாள். அதே ஆட்டம். மெஷின் ஊசி இறங்கியது.

"அவ்வளவுதானா அண்ணி? ஒண்ணுமே ஆகல?" நாத்தனாருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

"ஒண்ணும் ஆகாம இருக்கத்தானடி ரெண்டு நாளா மழையில நனைஞ்சேன்."

வியாழன் சாயங்காலத்துக்குள் நூற்று எண்பத்தாறும் மடித்து அடுக்கியாயிற்று.

வெள்ளிக்கிழமை கல்லூரி அரங்கில் இருவரும் கடைசி வரிசையில் இடம் பிடித்தார்கள். பெண்கள் கோட்டை வாங்கியதும் முதலில் பையைத்தான் பார்த்தார்கள். பார்த்துவிட்டு அடுத்தவள் பையைப் பார்த்தார்கள். மாவுக்கட்டு பிரித்திருந்த பெண் தன் பெயரின் மேல் வலது கை விரலை ஓட்டிப் பார்த்தாள். காஜாக்கா நாத்தனாரின் தொடையில் கிள்ளினாள். "ஆ!" என்றாள் அவள்.

சிறப்பு விருந்தினர் என்று மேடைக்கு அழைத்தார்கள். வந்தது வாரியத் தலைவர். அதே கறுப்புக் கோட்டு.

"ஒரு சோதனைப் பதிப்பை அழிக்காமலே மேம்படுத்தலாம் என்று உலகுக்குக் காட்டியது எங்கள் வாரியம்!" வலது கை உயரே போனது. "அது என் நெடுநாள் கனவு! பயனர் ஒருவர்கூடக் கேட்காமல், நாங்களாகவே முன்வந்து எடுத்த முடிவு!"

கைதட்டல் காதைப் பிளந்தது. தையல் அசையவில்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கை போய் வந்தது. ஒரு முறை இரண்டு கையையும் சேர்த்தே தூக்கினார். பேசி முடித்து, திரும்பி நடந்து, நாற்காலியில் உட்காரப் போனார்.

நாத்தனார் காஜாக்காவின் காதோரம் குனிந்தாள். "அண்ணி, காலருக்குப் பின்னால ஒரு வெள்ளை நூல் அப்படியே கிடக்கு. உருவ மறந்துட்டீங்க."

"மறக்கலடி" என்றாள் காஜாக்கா, கையைத் தட்டிக்கொண்டே. "உள்ள ஒரு புள்ளிகூட மாறல. அது சும்மா ஓரத்துல 'சோதனை'ன்னு எழுதியிருந்த எழுத்து மாதிரி."